ஆச்சி வீட்டுத் திண்ணையில் முருங்கைக்காய்: படம் பிடித்து ஞாபகம் வைப்பது எப்படி

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஆச்சி வீட்டுக்குள் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். செருப்பை எங்கே கழற்றுவீர்கள், நிலைப்படியில் எந்த இடத்தில் தலை இடிக்கும், பட்டாசலில் (கூடத்தில்) ஊஞ்சல் எந்தப் பக்கம், அரங்குக்குள் (சாமான் வைக்கிற உள்ளறைக்குள்) என்ன வாசனை அடிக்கும், புறவாசல் கிணற்றடியில் துவைக்கிற கல் எங்கே கிடக்கும். அந்த வீட்டை விற்று இருபது வருஷம் ஆகியிருக்கலாம், இடித்துக் காங்கிரீட் கட்டியிருக்கலாம், இருந்தாலும் இத்தனையும் வரிசையாக வருகிறது. யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. அதே நமக்குத்தான் காலையில் சொல்லி அனுப்பிய ஆறு சாமானில் இரண்டு மறந்துபோகிறது.

எனக்கு ஞாபக சக்தி கிடையாது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஆச்சி வீட்டைப் பற்றித்தான். இடங்களை நினைவில் வைப்பதில் மனுஷ மூளை அபாரமானது. பட்டியல் என்றால் திணறுகிறது. ஆகவே பட்டியலைக் கொண்டுபோய் இடங்களில் வைத்துவிட வேண்டும், நான் சொல்லப்போகிற வித்தை அவ்வளவுதான்.

நான் செங்கோட்டைக்காரன். பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் சரக்கில் பெரும்பகுதி புளியரை வழியாக மலையேறிக் கேரளாவுக்குப் போவது. ஒரு வருஷம் ஓணத்துக்கு முந்தின வாரம், நான் பைக்கில் வந்துகொண்டிருக்கும்போது புனலூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் போனில் பத்து அயிட்டம் சொன்னார். ஓரமாக நிறுத்திச் சீட்டில் எழுதி, சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். அப்புறம் நல்ல மழை. கடைக்கு வந்து பார்த்தால் மை கரைந்து நீலத் தண்ணீர்தான் இருந்தது. நினைவில் இருந்ததை வைத்து வண்டியை ஏற்றிவிட்டேன். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு போன். "சேனை எவிடே சேட்டா?" என்று அவர் கேட்டபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை, ஓணத்துக்குச் சேனை இல்லாமல் கடை திறக்கப்போகிற ஒரு ஆளின் கவலைதான் இருந்தது. அதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அதற்கப்புறம்தான் இதைத் தேடிப் படித்து, பழகி, இன்று வரை தினமும் செய்துகொண்டிருக்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருவோம். அதே பத்து அயிட்டத்தை வைத்தே சொல்கிறேன்: முருங்கைக்காய், சேனை, தக்காளி, தடியங்காய் (சாம்பல் பூசணி), பச்சை மிளகாய், உள்ளி (சின்ன வெங்காயம்), வெள்ளரி, கத்தரிக்காய், இஞ்சி, வாழைக்காய்.

முதலில் இடங்களைப் பிடிக்க வேண்டும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டில், நீங்கள் நடந்துபோகிற வரிசையிலேயே பத்து இடம். என் ஆச்சி வீட்டில் அது இப்படி: திண்ணை, நிலைப்படி, ஊஞ்சல், அரங்கு, அடுக்களை அடுப்பு, அங்கணம் (பாத்திரம் கழுவுகிற இடம்), புறவாசல் கதவு, துவைக்கிற கல், கிணறு, தொழுவம். இதை எழுதிவைத்துக்கொண்டு மனசுக்குள் இரண்டு தடவை முன்னால் நடங்கள், ஒரு தடவை பின்னால் நடங்கள். பின்னால் நடக்கும்போது எங்கேயாவது தடுக்கினால் அந்த இடம் சரியில்லை, மாற்றுங்கள். இந்த வேலையில் அவசரப்படாதீர்கள், ஒரு நாள் முழுக்க இதற்கே கொடுத்தாலும் தகும். பாதை தெளிவாக இருந்தால் மற்றது தானாக நடக்கும்.

இடங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பழைய விதி இருக்கிறது. கிமு முதல் நூற்றாண்டில் ரோமில் லத்தீனில் எழுதப்பட்ட பேச்சுக்கலைப் பாடநூல் ஒன்று இதைச் சொல்கிறது: இடத்தில் வெளிச்சம் ரொம்பக் கூடவோ மங்கலாகவோ இருக்கக் கூடாது, ரொம்பப் பெரிதாகவோ சின்னதாகவோ இருக்கக் கூடாது, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் தூரம் வேண்டும். அதோடு ஒவ்வொரு ஐந்தாவது இடத்திலும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது, உதாரணமாக ஒரு தங்கக் கை. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். என் ஐந்தாவது இடம் அடுப்பு, அங்கே தங்க வளையல் போட்ட ஆச்சியின் கை எப்போதும் கரண்டியைக் கிண்டிக்கொண்டிருக்கும். ஆறாவது அயிட்டம் என்ன என்று யாராவது கேட்டால் திண்ணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, ஆச்சி கையைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் போதும்.

இனிப் படம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். திண்ணையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அது நிற்காது, ஏனென்றால் திண்ணையில் முருங்கைக்காய் கிடப்பது தினமும் நடப்பதுதான், மூளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நடக்கவே முடியாத ஒன்று நடக்க வேண்டும். ஆள் உயர முருங்கைக்காய்கள் தலைக்குத் துண்டை மடித்து வைத்துத் திண்ணையில் வரிசையாகப் படுத்துக் குறட்டை விடுகின்றன. நிலைப்படியில் யானைக்கால் பருமனுக்கு ஒரு சேனைக்கிழங்கு சிக்கிக்கொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிற்கிறது, நான் இரண்டு கையாலும் தள்ளுகிறேன், உள்ளங்கை அரிக்கிறது. அரிப்பு முக்கியம். கண்ணால் பார்ப்பதோடு விட்டுவிடாமல் கையில் தொட்டு, மூக்கில் ஏற்றி, காதில் கேட்க வேண்டும்.

ஊஞ்சலில் அடுக்கிய தக்காளி மேல் ஒருவர் வெள்ளை வேட்டியோடு தொப்பென்று உட்காருகிறார், சாறு சுவரெல்லாம் தெறிக்கிறது. அரங்குக் கதவைத் திறந்தால் அறை முழுக்க ஒரே தடியங்காய், கை வைத்தால் சாம்பல் அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. அடுப்பில் ஆச்சியின் வளையல் கை பச்சை மிளகாயை வறுக்கிறது, கமறலில் வீடே தும்முகிறது. அங்கணத்தில் உள்ளி அடைத்துக்கொண்டு தண்ணீர் போகாமல் கணுக்கால் வரை நிற்கிறது, கண் எரிகிறது. புறவாசல் கதவுக்குத் தாழ்ப்பாளாக வெள்ளரிக்காய், இழுத்தால் மடக்கென்று ஒடிகிறது. துவைக்கிற கல்லில் யாரோ கத்தரிக்காயை ஓங்கி ஓங்கி அடிக்க ஊதாச் சாயம் ஓடுகிறது. கிணற்றில் வாளியை விட்டு இறைத்தால் கொதிக்கக் கொதிக்க இஞ்சி டீ வருகிறது. தொழுவத்துப் பசுவுக்குக் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாழைக்காய்.

இப்போது மேலே பார்க்காமல் சொல்லுங்கள், அரங்கில் என்ன? கிணற்றில் என்ன? தொழுவத்திலிருந்து திண்ணை வரை பின்னாலேயே வாருங்கள். என் ஆச்சி வீட்டை நீங்கள் பார்த்ததுகூட இல்லை, அப்படியிருந்தும் பாதிக்கு மேல் வந்திருக்கும். உங்கள் சொந்த வீட்டில் நீங்களே செய்த படம் என்றால் இன்னும் கெட்டியாக நிற்கும். நான் கொடுத்த படங்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு படத்தை யோசித்துச் செய்கிற அந்த நாலைந்து நொடி உழைப்புதான் அதை மனசில் ஒட்டவைக்கிற பசை.

இந்த முறைக்கு ஒரு கதை உண்டு. கிரேக்கக் கவி சிமோனிடிஸ் ஒரு விருந்திலிருந்து எழுந்து வெளியே வந்த சமயத்தில் மண்டபக் கூரை இடிந்து விழுந்ததாம். உள்ளே இருந்தவர்களின் உடல்கள் அடையாளம் தெரியாமல் நசுங்கிப்போக, யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை மனசில் ஓட்டிப் பார்த்து அவர் ஒவ்வொருவராகச் சொன்னாராம். கிமு 55இல் ரோமப் பேச்சாளர் சிசரோ இதை எழுதிவைத்தார். நடந்ததோ கட்டுக்கதையோ, அதன் உள்ளே இருக்கிற விஷயத்துக்கு இன்று சோதனை ஆதாரம் இருக்கிறது. 2003இல் லண்டனில் நினைவுப் போட்டிகளில் பேர் வாங்கிய பத்துப் பேரை ஆராய்ந்தபோது அவர்கள் மற்றவர்களைவிடப் புத்திசாலிகளாக இல்லை, மூளையின் அமைப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. பத்தில் ஒன்பது பேர் இந்த இடப் பாதை முறையைத்தான் வைத்திருந்தார்கள். 2017இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் சாதாரண ஆட்களுக்குத் தினமும் அரை மணி நேரம் வீதம் 40 நாள் இதே பயிற்சியைக் கொடுத்தார்கள். 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முன்பு முப்பதுக்குள்தான் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சராசரியாக அறுபதைத் தாண்டினார்கள். நாலு மாதம் கழித்தும் அதில் நல்ல பங்கு நிலைத்திருந்தது. நாற்பது நாள் என்பது நம் ஊரில் ஒரு மண்டலத்துக்கு எட்டு நாள் குறைவு. மலைக்கு மாலை போட்டு விரதம் இருந்து பழகிய நமக்கு இது பெரிய காலம் இல்லை.

இதையெல்லாம் வெளிநாட்டு வித்தை என்று ஒதுக்கவும் வேண்டாம். தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு விஷயத்தில் கவனத்தை நிறுத்துவது அது. அவருடைய இடலாக்குடி அன்று எங்கள் செங்கோட்டையைப் போலவே திருவிதாங்கூரில் இருந்த ஊர். ஆந்திரப் பக்கம் அவதானம் இன்றும் மேடையில் நடக்கிறது. நம் புலவர்கள் அந்தாதி பாடினார்களே, ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்குவது, அதுவும் நினைவுக்குப் போட்ட சங்கிலிதான். பாதை கைவசம் இல்லாதபோது நானும் அந்தாதிதான் போடுவேன்: முருங்கைக்காய் குத்திச் சேனை பிளக்கிறது, பிளந்த சேனைக்குள்ளிருந்து தக்காளி கொட்டுகிறது என்று ஒன்றோடு ஒன்றைக் கோப்பது. நாலைந்து சாமானுக்கு இது போதும். நீளமான பட்டியலுக்கு ஆகாது, ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் போய்விடும். பாதையில் அந்தச் சிக்கல் இல்லை, ஊஞ்சல் மறந்தாலும் அரங்கு அங்கேயே இருக்கும்.

எண்களுக்கு என்ன செய்வது? தக்காளி மட்டும் தெரிந்தால் போதாது, எத்தனை பெட்டி என்று தெரிய வேண்டும். கேரளத்தில் ஜோதிடமும் கணிதமும் படித்தவர்கள் எழுத்துக்கு எண் கொடுக்கிற கடபயாதி முறையை வைத்திருந்தார்கள். கர்நாடக சங்கீதத்தில் மேளகர்த்தா ராகங்களின் பெயரிலும் அது இருக்கிறது. மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பிப் போட்டால் 15, அது பதினைந்தாவது மேளம். அழகான ஏற்பாடு. ஆனால் அது வடமொழி எழுத்து வரிசையை நம்பியது, நம் எழுத்தில் கசதபவுக்கு நாலு நாலு வகை கிடையாது என்பதால் எனக்குக் கைகூடவில்லை. ஆகவே பேச்சுத் தமிழில் எதுகை போட்டுக்கொண்டேன்: ஒண்ணு கண்ணு, ரெண்டு வண்டு, மூணு தூணு, நாலு வாலு, அஞ்சு பஞ்சு, ஆறு என்றால் ஓடுகிற ஆறே, ஏழு கூழு, எட்டு தட்டு. ஒன்பதுக்கு எதுகை அமையாததால் நவக்கிரகம், பூஜ்யத்துக்கு முட்டை. 12 பெட்டி தக்காளி என்றால் ஊஞ்சல் தக்காளிக்கு நடுவில் ஒற்றைக் கண்ணு, அந்தக் கண்ணுக்குள் வண்டு ஒன்று ரீங்காரம் போடுகிறது. 45 கிலோ உள்ளிக்கு அங்கணத்து உள்ளி ஒவ்வொன்றுக்கும் வால், வால் நுனியில் பஞ்சு. முதல் வாரம் மெதுவாக வரும், கடை வாசலில் நிற்கிற லாரிகளின் நம்பரை வைத்துப் பழகினேன், ஒரு மாதத்தில் கை வந்துவிட்டது.

எங்கள் பக்கம் இந்த முறை ரொம்ப உதவுகிற இன்னொரு இடம் மலையாளம். தமிழுக்குப் பக்கத்துச் சொல் என்பதால் எளிதாக வந்துவிடும் என்று நினைப்போம், அந்தப் பக்கத்து உறவுதான் குழப்பும். வெள்ளம் என்றால் அங்கே குடிக்கிற தண்ணீர், பட்டி என்றால் நாய். சொல் காதில் எப்படி விழுகிறதோ அதை ஒரு படமாக்கி, பொருளோடு முட்டவிட வேண்டும். சவாள என்றால் பெரிய வெங்காயம்: கடைப் பலகையில் ஒரு பல்லாரி மீசையை முறுக்கிக்கொண்டு "வா பார்ப்போம்" என்று சவால் விடுகிறது. பஞ்சசார என்றால் சீனி: குற்றாலத்தில் சாரல் விழுகிறது, தண்ணீருக்குப் பதிலாகப் பஞ்சு பஞ்சாகச் சீனி, நாக்கை நீட்டினால் இனிக்கிறது. என் கூட வேலை பார்க்கிற ஒரு தம்பிக்கு இப்படி ஒரு நாளைக்கு ஐந்து சொல் வீதம் கொடுத்தேன், இப்போது அவனே கொல்லத்துக்காரர்களிடம் விலை பேசுகிறான்.

வைத்த படம் தானாக நிற்காது. இதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதித்துப் பார்த்துச் சொன்னார், கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாகக் கரைகிறது, போகப்போக வேகம் குறைகிறது. ஆகவே படம் வைத்துப் பத்து நிமிஷத்தில் ஒரு நடை, அன்று படுக்கப் போகும்போது ஒரு நடை, மறுநாள் காலை, அப்புறம் மூன்றாம் நாள், அப்புறம் ஒரு வாரம். ஒரு நடைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. பல் தேய்க்கும்போதே முடித்துவிடலாம். மண்டிச் சரக்குப் பட்டியல் மாதிரி ஒரு நாளில் முடிகிறதென்றால் இதெல்லாம் வேண்டாம், முதல் நடை போதும்.

தினமும் ஒரே வீட்டில் வைத்தால் நேற்றைய தக்காளியும் இன்றைய கேரட்டும் ஒரே ஊஞ்சலில் சண்டை போடும். அதற்கு மூன்று நாலு பாதை வேண்டும். என் இரண்டாவது பாதை ரயில்: செங்கோட்டை, பகவதிபுரம், மலைக்குள் போகிற குகை, ஆரியங்காவு, எடப்பாளையம், பதிமூன்று கண் பாலம், தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர். கச்சிதமாகப் பத்து. 1904இல் போட்ட பாதை, அகல ரயிலாக மாறி 2018இல் முழுக்கத் திறந்தது. ஒரு எச்சரிக்கை, பிளாட்பாரத்தைப் படமாக வைத்தால் எல்லா ஸ்டேஷனும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் அதற்கு மட்டுமே உள்ள ஒன்றைப் பிடியுங்கள். குகையில் காது அடைக்கிற சத்தமும் இருட்டும், பாலத்தில் ஜன்னலுக்குக் கீழே தெரிகிற கல் வளைவுகள். தென்காசிக் கோயில் என் மூன்றாவது பாதை, முதல் இடமே கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற அந்தக் காற்று.

கண்ணை மூடினால் எனக்கு இருட்டுதான், படமே வராது என்கிறவர்களும் உண்டு. அது சோம்பேறித்தனம் இல்லை, பிறவியிலேயே சிலருக்கு அப்படி, 2015இல் மருத்துவர்கள் அதற்கு அஃபான்டேசியா என்று பெயரே வைத்தார்கள். அவர்கள் பார்ப்பதற்குப் பதிலாகக் கதையாகச் சொல்லிக்கொள்ளட்டும், "நிலைப்படி, சேனை, கை அரிக்கிறது" என்று வாயால். அறை எங்கே என்பதும் அரிப்பு எப்படி இருக்கும் என்பதும் படம் இல்லாமலேயே தெரியும்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கட்டுரையின் தலைப்புகள், வருஷங்கள், பெயர் வரிசை, இவற்றுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 என்பதை என் மகள் பள்ளிக்கூட வாசலில் வைத்திருக்கிறாள்: நவக்கிரகத்துக்குப் பஞ்சில் மெத்தை, அதற்குக் கீழே ஆறு ஓடுகிறது. 956 வந்துவிட்டது, முன்னால் உள்ள ஒன்று சொல்லாமலே வரும். ஆனால் கணக்கு ஏன் அப்படி வருகிறது, ஒரு ஊர் ஏன் மாநிலம் மாறியது என்பதைப் படமாக்க முடியாது. அதைப் புரிந்துதான் படிக்க வேண்டும், புரிந்ததைச் சிந்தாமல் எடுத்துப்போகத்தான் இந்தப் பாத்திரம். சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதிக்கும் இது மருந்தில்லை, வைக்கும்போது கவனிக்காததுதான் அங்கே காரணம். வைக்கிற அந்த நொடியில் "சாவி டிவி மேலே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடையில் நான் இன்றும் சீட்டு எழுதுகிறேன். பணம் சம்பந்தப்பட்ட எதையும் தலையை மட்டும் நம்பி விடுவதில்லை. வித்தியாசம் என்னவென்றால் சீட்டை இப்போது வண்டி ஏறிய பிறகுதான் எடுத்துச் சரிபார்க்கிறேன்.

நீங்கள் இன்று ராத்திரி படம் எதுவும் வைக்க வேண்டாம். வீட்டைத் தேர்ந்தெடுத்து, பத்து இடத்தை எழுதி, முன்னால் இரண்டு தடவை, பின்னால் ஒரு தடவை நடந்துவிட்டுத் தூங்குங்கள். நாளைக் காலை கடைக்குக் கிளம்பும்போது வீட்டில் சொல்கிற சாமான் பட்டியலைத் திண்ணையிலிருந்து வைக்கத் தொடங்குங்கள்.